தெக்கலூர் ரோட்டில் நின்ற ஜப்பான் வண்டி

போன வாரம் மெக்கானிக் தொழிலில் இருக்கும் உங்களில் ஒரு தம்பி போன் பண்ணிக் கேட்டார். "அண்ணா, பழைய வண்டி ஒண்ணு வந்திருக்குதுங்க. நம்மகிட்ட இருக்கற ஸ்கேனர் அதுல மாட்டவே மாட்டேங்குது. பழைய வண்டிக்குன்னு தனியா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறேன். எதுங்கண்ணா வாங்கறது?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் அந்த மிஷினின் பெயரைப் பார்க்காதீர்கள். உங்கள் பட்டறையில் நிற்கும் வண்டி எந்த வருஷம் செய்தது, எந்த நாட்டில் ஓட்டுவதற்காகச் செய்தது என்று பாருங்கள். அந்த வருஷமும் அந்த நாடும் மிஷினுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். பிளக் பொருந்தினால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரோடு அதற்குப் பேசத் தெரிய வேண்டும். எது கெட்டது என்று சொல்லும் கோடு நம்பர் மட்டும் காட்டுகிறதா, என்ஜின் ஓடும்போது உள்ளே நடப்பதையும் காட்டுகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஒரு நாள் இரவல் வாங்கி, அதே வண்டியில் மாட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இவ்வளவையும் அந்தத் தம்பிக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். சரியான மிஷினை வாங்கிய பிறகு எங்களுக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் போனில் சொல்ல வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் நான் பல்லடம் ரோட்டில் ஒரு ஒர்க் ஷாப்பில் தலைமை மெக்கானிக்காக இருந்தேன். அதை நடத்தியவர் ஒரு பெண். கணவர் இறந்தபின் எல்லோரும் விற்றுவிடச் சொன்னார்கள், அவர் விற்கவில்லை. ஸ்பேனர் பிடிக்கமாட்டார். ஆனால் வண்டிக்காரர் சொல்லும் குறையை அவர் கேட்கும் விதமே தனி. "நிக்குதுன்னா எப்ப நிக்குதுங்க? ஏசி போட்டாவா, போடாமயா? நின்னா உடனே எடுக்குதா, ஆறினாத்தான் எடுக்குதா?" என்று கேட்டுக் கேட்டு, வண்டி என்னிடம் வருவதற்குள் பாதி வேலையை முடித்துவிடுவார். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

அப்போது திருப்பூரில் பனியன் ஏற்றுமதி சூடு பிடித்திருந்த நேரம். கம்பெனிக்காரர்கள் வெளிநாட்டு வண்டிகளை வாங்க ஆரம்பித்திருந்தார்கள். கார்புரேட்டரைத் திருகியே பழகிய கைகள் எங்களுடையவை. அந்த வண்டிகளிலோ சீட்டுக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி உட்கார்ந்திருக்கும். ஏதாவது கெட்டால் டேஷ்போர்டில் மஞ்சள் லைட் எரியும். ஏன் எரிகிறது என்று கேட்டால் எங்களுக்குச் சொல்லத் தெரியாது.

யூசுப் பாயின் வண்டி அப்படி ஒன்று. பாய் குழந்தைகளுக்கான பனியன் தைக்கும் சின்ன யூனிட் வைத்திருந்தார். பெரிய ஏற்றுமதியாளர்களிடம் வெட்டிய துணி பீஸ்களை வாங்கித் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், சொந்தமாக ஒரு வெளிநாட்டு ஆர்டர் பிடித்துவிட வேண்டும் என்று பல வருஷமாக முயற்சி செய்துகொண்டிருந்தார். ஜப்பானில் வியாபாரம் செய்துவிட்டு ஊர் திரும்பிய அவருடைய அண்ணன், தான் அங்கே ஓட்டிய வண்டியைக் கப்பலில் கொண்டுவந்து தம்பிக்குக் கொடுத்திருந்தார். எண்பதுகளின் கடைசியில் செய்த வண்டி. வெள்ளை நிறம், உள்ளே சாம்பல் நிற வெல்வெட் சீட்டு. "வெள்ளைக்காரங்க வந்தா இதுல கூட்டிட்டு வா. வண்டியைப் பார்த்தே உன்னை மதிப்பாங்க" என்று அண்ணன் சொன்னாராம். பாய் அதை எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்த வண்டி சூடானால் நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஆறினால், ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். மஞ்சள் லைட்டும் எரிந்துகொண்டிருந்தது.

வண்டியோடு வந்த புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. கம்ப்யூட்டரில் எந்த இரண்டு கம்பியை இணைத்தால் லைட் சிமிட்டிக் கோடு சொல்லும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஈரோட்டுப் பக்கம் ஒருவர் இப்படி ஊகித்து இணைத்து, கம்ப்யூட்டரையே எரித்துவிட்டதாகப் பேச்சு இருந்தது. அக்கா சொன்னார், "ஊகிக்க வேண்டாம் நாச்சிமுத்து. கோடு படிக்கற மிஷின் வாங்கிடலாம். இனி வர்ற வண்டியெல்லாம் இப்புடித்தான் வரும்."

நாங்கள் இருவரும் ரயிலேறி மெட்ராஸ் போனோம். கடைக்காரர் இரண்டு மிஷின்களை மேஜைமேல் வைத்தார். ஒன்று புத்தம் புதுசு, கைக்கு அடக்கமாக இருந்தது. "உலகம் பூரா இனிமே ஒரே பிளக்தான் மேடம். எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் இது ஒண்ணு போதும்" என்றார். இன்னொன்று ஏற்கெனவே யாரோ பயன்படுத்தியது. செங்கல் மாதிரி கனம். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி கேசட் சொருக வேண்டும், தனித்தனி பிளக் மாட்ட வேண்டும். பெட்டி நிறைய வயர்கள்.

எனக்குப் புது மிஷின்மேல் ஆசை. நாளைக்கு வரப்போகும் வண்டிகளை எல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மட்டும் புதுசைத் தொடவே இல்லை.

"இது எந்த வருஷ வண்டியில இருந்து பேசுமுங்க?"

"புது வண்டி எல்லாம் பேசும் மேடம்."

"எங்க வண்டி புதுசு இல்லீங்களே. எண்பதுகள்ல செஞ்சது. அதுவும் ஜப்பான் ஊருக்குள்ள ஓட்டறதுக்குச் செஞ்சது. அதுக்கு இருக்குதுங்களா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு கனமான மிஷினின் கேசட்டுகளைக் கிளறி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அக்கா அதிலிருந்த லேபிளை வரி வரியாகப் படித்தார். வண்டியின் என்ஜின் மாடல் நம்பரைத் தன் கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதையும் லேபிளையும் ஒத்துப் பார்த்தார். அதே என்ஜின். அப்போதும் விடவில்லை. "திருப்பூர்ல மாட்டிப் பாக்கறோம். பேசலீன்னா திருப்பி எடுத்துக்கோணும்" என்று பேசி முடித்துத்தான் வாங்கினார்.

இன்றைக்கும் சொல்கிறேன், மிஷினை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கற்றுக்கொள்ள வேண்டுமானால் அந்தக் கடையில் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். கண் முன்னால் நிற்கும் வண்டிக்காக வாங்கினார். எந்த இடத்திலும் அவர் தவறவில்லை.

மிஷின் பேசியது. பாயின் வண்டியில் பிளக்கை மாட்டிச் சாவியைத் திருப்பியதும், பச்சைத் திரையில் ஒரு கோடு நம்பர் வந்தது. பட்டறையில் இருந்த எல்லோரும் கை தட்டினோம். ஆக்ஸிஜன் சென்சார் கெட்டிருக்கிறது என்றது மிஷின்.

அதில் பொய் இல்லை. சைலன்சர் குழாயில் இருக்கும் அந்த சென்சார், ஈயம் இல்லாத பெட்ரோலுக்காகச் செய்தது. அப்போது நம் ஊர் பெட்ரோல் பங்கில் கிடைத்ததெல்லாம் ஈயம் கலந்த பெட்ரோல். வண்டி குடிக்கக் குடிக்க அது சென்சாரைக் கொன்றுவிடும். கழற்றிப் பார்த்தேன். முனை முழுக்க சாம்பல் பூத்துச் செத்துக் கிடந்தது. புது சென்சார் எங்கெங்கோ தேடி சிங்கப்பூரிலிருந்து வந்தது. மாட்டினேன். மஞ்சள் லைட் அணைந்தது. புகையில் பெட்ரோல் நாற்றம் குறைந்தது. என்ஜின் ஓசையே மாறியது. மறுபடி மிஷினை மாட்டினால் கோடு எதுவும் இல்லை என்று காட்டியது.

சென்சார் வர ரொம்ப நாள் ஆகிவிட்டது. அது வந்த மறுநாளே பாயிடம் துணி வாங்கப்போகும் வெள்ளைக்கார பையர் வருவதாக இருந்தது. ஜெர்மனியிலிருந்து வயதான ஓர் அம்மா. குழந்தைகள் துணிக்கடைகள் நடத்துகிறவர். பாய் அனுப்பிய சாம்பிள்கள் அவருக்குப் பிடித்துப்போய், யூனிட்டை நேரில் பார்த்துவிட்டு ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார்.

சென்சார் மாட்டிய அன்று காலையிலேயே பல்லடம்வரை ஓட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. ஆனால் மனசு ஒப்பவில்லை. அக்காவிடம் போனேன்.

"அக்கா, உச்சி வெயில்ல, ஏசி போட்டு, டவுன் நெரிசல்ல ஓட்டிப் பாக்கோணும். இன்னும் ரெண்டு நாள் குடுங்க."

"பாய்க்கு நாளைக்கு வேணுமே நாச்சிமுத்து. மிஷின் சுத்தமா இருக்குதுன்னு சொல்லுதில்ல?"

"சொல்லுதுங்க."

"கெட்ட சாமானைக் காட்டுச்சு, மாத்தினோம், லைட் அணைஞ்சிருச்சு. வேற என்ன இருக்கும்?"

வேறு என்ன இருக்கும் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. வெறும் உறுத்தல்தான் இருந்தது. அவ்வளவு தூரம் போய், அவ்வளவு கேள்வி கேட்டு, தேடித் தேர்ந்தெடுத்த மிஷின். அதன் வார்த்தைக்கு எதிராக என் உறுத்தலை எப்படி நிறுத்துவேன்? பாயிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னேன். "நாளைக்கு ஒரு நாள் டாக்சி எடுத்துக்கலாமுங்களா பாய்?"

பாய் சிரித்தார். "அண்ணன் இந்த வண்டியைக் குடுத்ததே நாளைக்கு மாதிரி ஒரு நாளுக்குத்தான் நாச்சி."

"அப்ப நானே ஓட்டிட்டு வர்றனுங்க" என்றேன். மிஷினையும் டிக்கியில் வைத்துக்கொண்டேன்.

கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் விமானம் தாமதம். சித்திரை வெயில். அந்த அம்மா ஏறும்போது வண்டிக்குள் குளுகுளு என்று இருக்க வேண்டும் என்பதற்காக, என்ஜினை அணைக்காமல் ஏசியை ஓடவிட்டுக் காத்திருந்தோம். அந்த அம்மா வெளியே வந்தார். நரைத்த முடி, கையில் ஒரு துணிப்பை, முழங்கால் வலி போலிருக்கிறது, கொஞ்சம் சாய்ந்து நடந்தார். பாய் மாலை போட்டார். சீட்டில் உட்கார்ந்ததும் வெல்வெட்டைத் தடவிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். கண்ணாடியில் பாயின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கருமத்தம்பட்டி தாண்டி, தெக்கலூர் பக்கம் வரும்போது வண்டி நின்றது.

நின்ற விதத்தைச் சொல்கிறேன், கவனியுங்கள். திணறவில்லை, இருமவில்லை. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே என்ஜின் வேகம் காட்டும் முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தது. யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல. ஓரம் கட்டினேன்.

அந்த முள் விழுந்த விதத்திலேயே எல்லாம் இருந்தது. பெட்ரோல் குறையென்றால் முள் தள்ளாடித் தள்ளாடி இறங்கும். இப்படி விழுந்தால் தீப்பொறி அடியோடு போய்விட்டது என்று அர்த்தம். சூடானால் தீப்பொறி போகிறது, ஆறினால் வருகிறது. பழைய வண்டிகளில் இந்த மாதிரி எத்தனையோ பார்த்திருக்கிறேன். போனட்டைத் திறந்து, தீப்பொறி தரும் காயில்மேலும் அதைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர்மேலும் ஈரத்துணியைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடும். கையோடு பிறந்த வித்தை மாதிரி அது எங்களுக்கு.

ஆனால் அன்று என் கை ஈரத்துணிக்குப் போகவில்லை. டிக்கியைத் திறந்து மிஷினை எடுத்தேன். வயர்களைப் பிரித்தேன். சரியான பிளக்கைத் தேடினேன். கேசட்டைச் சொருகினேன். வெயிலில் பச்சைத் திரையில் எழுத்துத் தெரியவில்லை. சட்டையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். கோடு எதுவும் இல்லை. மறுபடி அணைத்துவிட்டு மாட்டினேன். கோடு எதுவும் இல்லை.

வண்டிக்குள் ஏசி நின்றதும் அனல் ஏற ஆரம்பித்தது. அந்த அம்மா கீழே இறங்கி நின்றார். நிழலுக்கு ஒரு வேப்பமரம்தான் இருந்தது, அதுவும் கொஞ்சம் தள்ளி; அதுவரை மெல்ல நடந்து போனார். முகம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. பாய் தன் கைக்குட்டையை நனைத்து அவரிடம் கொடுத்தார்.

அப்போதுதான் தங்கவேல் அண்ணனின் கார் வந்து நின்றது. அவரும் குழந்தைத் துணி ஏற்றுமதிதான் செய்துகொண்டிருந்தார், அனுப்பர்பாளையத்தில் பெரிய ஃபேக்டரி. கோயமுத்தூரில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, மனைவியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க பாய், வண்டி நின்னு போச்சுங்களா? ஒரு ஆளுக்கு இடம் இருக்குது. அந்தம்மாளை வேணா ஏத்தி உடுங்க. பாவம், வெயில் தாங்க மாட்டாங்களாட்ட இருக்குது."

அவர் மனசில் சூது எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் திருப்பூரில் தன் பையரை இன்னொரு கம்பெனிக்காரர் காரில் ஏற்றிவிடுவது என்றால் என்ன என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஹோட்டல் வராண்டாவில் பையரை யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று ஆள் போட்டுக் காவல் காத்த காலம் அது.

பாய் என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எவ்வளவு நேரம் ஆகும் நாச்சி?"

"ஆறினா எடுத்துரும்ங்க பாய்."

"எப்ப ஆறும்?"

"சொல்ல முடியலீங்களே."

"மிஷின் என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதுங்க."

பாய் திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தார். நனைந்த கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, மரத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். பாய் நடந்து போய், தங்கவேல் அண்ணனின் கார்க் கதவைத் தானே திறந்து, அந்த அம்மாவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். "ஸாரி மேடம். ஐ கம் பேக்சைட்" என்றார். இங்கிலீஷ் தெரிந்தவர்தான். பின்னாலேயே வருகிறேன் என்று சொல்ல, அந்த நேரத்தில் அவ்வளவுதான் வந்தது.

அந்தக் கார் கண்ணைவிட்டு மறைந்த கொஞ்ச நேரத்தில் நான் சாவியைத் திருப்பினேன். வண்டி எடுத்துவிட்டது.

அவிநாசியில் அவர்களைப் பிடித்துவிட்டோம். அங்கிருந்து அவர்களுக்குப் பின்னாலேயே போனோம். முன்னால் போன காரின் பின்கண்ணாடி வழியாக அந்த நரைத்த தலை தெரிந்தது. எங்கள் வண்டி பட்டுப்போல ஓடியது, ஏசி குளுகுளு என்று வந்தது, பின்சீட்டில் அந்த அம்மாவின் மாலை கிடந்தது. பாய் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையைக் காட்டி அந்தக் காரை நிறுத்தி, நடு ரோட்டில் அந்த அம்மாவை மறுபடி இறக்கி ஏற்றலாமா என்று நானே யோசித்தேன். மறுபடி நின்றுவிட்டால்? அந்தப் பயத்தில் கையைக் காட்டவில்லை.

அனுப்பர்பாளையத்தில் தங்கவேல் அண்ணனின் கார் அவருடைய ஃபேக்டரிக்குள் திரும்பியது. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த தன் அம்மாவை முதலில் இறக்க வேண்டும், வீடு அந்த வளாகத்துக்குள்தான், அதுதான் காரணம். அவர் கேட்டுக்கு வந்து, "பாய், அந்தம்மா முகம் கழுவோணும்ங்கறாங்க. ஒரு காபி குடிச்சிட்டு வந்துரட்டும்" என்றார். அணைத்தால் மறுபடி எடுக்காதோ என்ற பயத்தில், நாங்கள் கேட்டுக்கு வெளியே என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். காபி குடிக்கிற நேரம் போய், ரொம்ப நேரம் ஆனது. உள்ளே புது நிட்டிங் மிஷின்கள், தனியாகச் செக்கிங் ஹால், குழந்தைத் துணிக்கென்றே ஒரு பிரிவு. முகம் கழுவப் போகிற வழியில் எல்லாம் கண்ணில் படத்தானே செய்யும்.

பிறகு அந்த அம்மா வந்தார். பாயின் யூனிட்டையும் பார்த்தார். நன்றாகத்தான் பேசினார். தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார். ஆர்டர் மட்டும் தங்கவேல் அண்ணனுக்குப் போனது.

தங்கவேல் அண்ணனே பாயின் யூனிட்டுக்கு வந்து சொன்னாராம். "நான் கேக்கலீங்க பாய். அவங்களா கேட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?" கொஞ்ச நாள் கழித்து அந்த ஆர்டரிலேயே ஒரு பகுதியைத் தைத்துத் தரச் சொல்லிப் பாய்க்கு அனுப்பினார். அவருக்குத் தெரிந்த பரிகாரம் அது. பாயும் வாங்கித் தைத்தார். சாம்பிள் தன்னுடையது, தையல் தன்னுடையது, பேர் மட்டும் வேறொருவருடையது.

வண்டி மறுபடி எங்கள் பட்டறைக்கு வந்தது. இந்த முறை நான் மிஷினைத் தொடவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். அதற்குள்ளே ஒரு சின்னக் காயில் இருக்கும். தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று சிக்னல் கொடுப்பது அதுதான். அதன் இரண்டு வயரையும் சாதாரண மீட்டரில் மாட்டினேன். எங்கள் பட்டறையில் வருஷக்கணக்காகக் கிடந்த மீட்டர். பக்கத்தில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு எரியவைத்தேன். காயில் சூடேறியது. முள் அசையாமல் நின்றது, நின்றது, பிறகு சட்டென்று விழுந்தது. தெக்கலூரில் விழுந்த அதே விழுகை. உள்ளே மயிரிழைக் கம்பி ஒன்று விட்டிருக்கிறது. சூட்டில் விரிந்தால் பிரிகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது.

மிஷின் ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்குத் தோன்றும். அந்தச் சிக்னல் வரவில்லை என்றால், வண்டியை நாமே நிறுத்திவிட்டோம் என்றுதான் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். அதனால் கோடு எதையும் எழுதி வைக்காது. கம்ப்யூட்டருக்கே தெரியாததை மிஷின் எப்படிச் சொல்லும்? சென்சார் கெட்டதைச் சொன்னது. அதை மாற்றியதும் வேறு எதுவும் தெரியவில்லை என்றது. எங்களுக்குத்தான் அது "வேறு எதுவும் இல்லை" என்று காதில் விழுந்தது. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை நீங்கள் தொழிலில் இருக்கிறவரை மறக்கக் கூடாது.

அக்கா என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு துணியை நனைத்து அந்தக் காயில்மேல் வைத்தேன். ஊற்றிய டீ ஆறுவதற்குள் மீட்டர் பழையபடி காட்டியது.

அக்கா அந்தத் துணியையே பார்த்தார். பிறகு கேட்டார், "இதைப் பாய்கிட்டச் சொல்லோணுமா நாச்சிமுத்து?"

"சொல்லோணுமுங்க அக்கா."

"நான் போய்ச் சொல்லட்டுமா? மிஷின் சொன்னாப் போதும்னு சொன்னது நான்தானே."

"வண்டியில இருந்தது நானுங்க."

புதுக் காயில் மாட்டி, பல நாள் உச்சி வெயிலில், ஏசி போட்டு, பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஓட்டிப் பார்த்தபிறகுதான் பாயிடம் போனேன். ஆர்டர் போனபின் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. யூனிட்டில் தங்கவேல் அண்ணனுக்கான பீஸ்களை மடித்துக்கொண்டிருந்தார். பழைய காயிலை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இதுதானா?"

"இதுதானுங்க பாய்."

சுண்டைக்காய் அளவு சாமான். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று ஈரத்துணியைப் போட்டிருந்தால் சீக்கிரமே எடுத்திருக்கும் என்பதையும் சொன்னேன். அதை மட்டும் மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் சொல்லாமல் வந்திருந்தால் அவர் வண்டியை அப்புறம் என்னால் தொட முடிந்திருக்காது.

பாய் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார், "நானும்தான் நாச்சி, தினமும் நெனைக்கறேன். அந்தம்மாவை மரத்தடியில ஒரு சேர் போட்டு ஒக்கார வெச்சு, ஒரு எளநி வாங்கிக் குடுத்திருக்கலாம். தெக்கலூர்ல எளநி கெடைக்காதா? யார் வீட்டுலயும் சேர் இருக்காதா? எனக்கு அது தோணவே இல்ல. நீங்க மிஷினைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க, நான் உங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

பாய் காயிலை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இனி நிக்காதில்ல?" என்று கேட்டார்.

"நிக்காதுங்க பாய்."

"அப்ப வித்துரலாம். நிக்கற வண்டின்னு தெரிஞ்சுக்கிட்டே இன்னொருத்தர் தலையில கட்ட மனசு வரல. அதான் வெச்சிருந்தேன்."

குண்டடம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வாங்க வந்தார். பாய் என்னையும் கூட வரச் சொன்னார். வண்டியை அவிநாசியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "ஏதாச்சும் கொறை இருக்குதுங்களா?"

"நம்மூரு பெட்ரோலுக்குக் கொஞ்ச நாள்ல ஒரு மஞ்ச லைட் எரியுமுங்க. எரிஞ்சாப் பயப்படாதீங்க. அதுக்காக வண்டி நிக்காது."

அவர் பாயைப் பார்த்தார். பாய் சாவியை அவர் கையில் கொடுத்தார்.

திரும்பும்போது பாய் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டார். திருப்பூருக்குப் பாதி தூரம் வந்திருப்போம். பின்னாலிருந்து ஹார்ன் கேட்டது. குண்டடம் போகும் அந்த வெள்ளை வண்டி எங்களைத் தாண்டிப் போனது. வாங்கியவர் கண்ணாடியை இறக்கிக் கையை ஆட்டிவிட்டுப் போனார். வெயில் உச்சியில் இருந்தது. வண்டி தூரத்தில் சின்னப் புள்ளியாகும்வரை நான் வேகத்தைக் கூட்டவில்லை.

"நல்லா ஓடுது நாச்சி" என்றார் பாய்.